கம்பளிக்குள் பேசிய விலை

நல்லமங்கலத்து ராஜாவின் தேர் சேற்றில் புதைந்து, அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்த அன்றுதான், நாட்டுக்குச் சாலை ஆராய்ச்சி என்று ஒன்று வேண்டும் என்பது அரண்மனைக்கு உறைத்தது. மறுநாளே தண்டோரா போட்டார்கள். மழைக்குத் தாங்கும் பெருவழி போடப் புது உபாயம் கொண்டு வருபவருக்கு ஒரு பெட்டிப் பொன் மானியம்.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் வேலை பிரதானி சிதம்பரநாதரிடம் போனது. வினை அங்கேதான் ஆரம்பம்.

சுண்ணாம்புக் காளவாய் நடத்தும் குருவம்மாள் வந்தாள். ஓட்டுச் சில்லையும் சுண்ணாம்பையும் கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் கெட்டித்து, கரிசல் காட்டில் ஒரு துண்டுச் சாலை போட்டுப் பார்க்கிறேன் என்றாள். இதற்கு முன் எங்கே போட்டிருக்கிறாய் என்று பிரதானி கேட்டார். எங்கும் போடவில்லை, போட்டுப் பார்க்கத்தானே பணம் கேட்கிறேன் என்றாள் அவள். முன்பே போட்டுக் காட்டாத புதுச் சாலைக்கு மானியம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

அடுத்து பிரதானியின் மச்சான் வந்தார். வருஷா வருஷம் கொட்டி, வருஷா வருஷம் கரைந்துபோகிற அதே செம்மண்தான். அதற்கு மூச்சு வாங்கும் நீளத்தில் ஒரு வடமொழிப் பெயர் வைத்திருந்தார். பிரதானி பலே என்றார். சபைப் பண்டிதர்களும் பலே என்றார்கள்.

வெள்ளியங்கிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுச் சந்தையில் தரகு பேசி, ஏமாந்து, உதை வாங்கி, பிறகு எவனாலும் ஏமாற்ற முடியாத ஆளாகி, வாய்ச் சாமர்த்தியத்தாலேயே சபையில் இடம் பிடித்தவன். கோபம் வந்தால் எதிரில் யார் என்று பார்க்கமாட்டான்.

"மகாராஜா, அந்தப் பெட்டியை மச்சான் வீட்டுக் கிணற்றில் போட்டாலும் ஒன்றுதான், சாலைக்கென்று அவரிடம் கொடுத்தாலும் ஒன்றுதான்" என்று நடுச்சபையில் கத்திவிட்டான்.

பிரதானி நிதானமாகச் சிரித்தார். "சந்தைப் புத்தி போகுமா? ஆதாரம் இருக்கிறதா, தரகா?"

ராஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மழை எவ்வளவு பெய்யும் என்று சொல்ல என்னிடம் ஜோசியர் இருக்கிறார். கொடுக்கிற பணத்தில் சாலைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நீ சொல். பத்துப் பங்கில் எத்தனை? நாளைக்குச் சபை கலைவதற்குள் எனக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். உத்தேசம் வேண்டாம். சொல்ல முடியாவிட்டால் நீ சந்தைக்கே திரும்பிப் போகலாம்."

இன்னும் கொடுக்காத பணத்துக்கு எங்கே போய்க் கணக்குப் பார்ப்பது? வெள்ளியங்கிரி தன் நாக்கைத்தான் திட்டிக்கொண்டான். பிறகு சந்தை ஞாபகம் வந்தது. சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் விலை பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. துண்டுக்கு வெளியே எவ்வளவு புளுகினாலும், உள்ளே போன விரல் மனதில் இருப்பதைத்தான் சொல்லும்.

மறுநாள் காலையில் ராஜாவைத் தனியாகப் பார்த்து ஓர் உதவி கேட்டான். ராஜா முதலில் முறைத்தார். பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்று மத்தியானம் சபையில் மழைக்காற்று. சாப்பாடு முடிந்த மயக்கத்தில் ராஜா சிம்மாசனத்தில் சரிந்து குறட்டை விட்டார். வெள்ளியங்கிரி தன் கம்பளியை அவர் மடிமேல் போர்த்திவிட்டு, ஒரு முனையைத் தன் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு படியில் குந்தினான். பிரதானியைக் கண்ணால் கூப்பிட்டான்.

"சாமி, எனக்கு வேலை போகிற நேரம். நீங்கள் மனசு வைத்தால் மச்சானுக்கு நானே பரிந்து பேசுகிறேன். எனக்கும் ஏதாவது பார்த்துச் செய்யுங்க."

"இங்கேயா? ராஜாவை வைத்துக்கொண்டா?"

"சந்தையே சுற்றி நிற்கும்போது பேசுகிற பேச்சுங்க இது. ஒரு விரல், ஒரு பங்கு. முதலில் சாலைக்கு எத்தனை போகும் என்று காட்டுங்க. மீதியைப் பார்த்துத்தானே நான் என் பங்கைக் கேட்க முடியும்? என் முகத்தையே பாருங்க, கம்பளியைப் பார்க்காதீங்க."

பிரதானி கையை உள்ளே விட்டார். ஒரு கை வந்து பற்றியது. அவர் அதில் ஒரே ஒரு விரலைப் பிடித்தார். அந்தக் கையோ தனக்கு ஐந்து பங்கு என்பதுபோல் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கியது.

"நல்ல மழை" என்றான் வெள்ளியங்கிரி.

"ரொம்பப் பேராசை பிடித்த மழை" என்று பல்லைக் கடித்தார் பிரதானி. சாலைக்கென்று பிடித்த விரலைப் பாதியாகக் குறைத்து, நடுக்கணுவோடு நிறுத்தினார். உள்ளே பிடி நெரித்தது. "அப்பா, உன் கை என்ன இரும்பா?"

வெள்ளியங்கிரி கம்பளியிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

பிரதானி அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். உள்ளே இன்னும் நெரிந்துகொண்டிருக்கும் தன் கையை நினைத்தார். அப்போதுதான் குறட்டைச் சத்தம் நின்று நேரமாகிவிட்டது அவருக்கு உறைத்தது.

"அரை விரலா, பிரதானி?" என்றார் ராஜா, கண்ணைத் திறக்காமலே.

"மகாராஜா, கையை விட்டுவிடாதீங்க" என்றான் வெள்ளியங்கிரி. "எங்கள் சந்தையில் கையை விட்டால் அந்த விலைக்குச் சம்மதம் என்று அர்த்தம்."

"விடுவேனா? பேரம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது. சொல்லும் பிரதானி, குருவம்மாளின் சாலைக்கு எத்தனை பங்கு போய்ச் சேரும்?"

பிரதானிக்குப் பத்துப் பங்கையும் காட்டினால்தான் பிழைப்பு. பிடிபட்ட கையில் ஐந்து விரல்தானே இருக்கிறது? யாரும் கேட்காமலே இன்னொரு கையையும் கம்பளிக்குள் நுழைத்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பண்டிதர்கள் எழுந்து, எதற்கென்று தெரியாமலே பலே என்றார்கள். வெள்ளியங்கிரிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. கம்பளியை மட்டும் ராஜா திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பாலத்துக்கு மானியம் முடிவாகிறதாம், அன்றைக்கும் தனக்குத் தூக்கம் வரும் என்றார்.