தாசில்தார் கிளி குடித்த ஆட்டுக்கால் சூப்பு

ஞானதுரையின் மாவு மில்லில் கரண்ட் போன நேரம் பார்த்துத்தான் சந்தனமாரி கிளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். துண்டு விரித்த பழக்கூடையில் அது ஒரு கால் மடங்கித் தொங்க, கண்ணை மூடிக் கிடந்தது. காலையில் காற்றுக்குப் படபடவென்று அடித்த ஜன்னல் கதவை எரிச்சலில் இழுத்துச் சாத்தியவள் அவள்தான். கிளி சொக்கி அந்த விளிம்பில் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் கோமாரி ஊசி போட வெளியூர் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்நேரமும் வாய் மூடாத கிளி அடிபட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் அதோடு மல்லுக்கு நிற்கிறவள்தான், 'உன்னைப் பூனைக்குப் போட்டுருவேன்' என்று மிரட்டுகிறவள்தான். ஆனால் அதற்கு ஒன்று ஆகிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்பது இன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. திரும்பும் வழியில், காலையில் கொடுத்த உளுந்தை அரைத்து வைத்திருப்பார்கள், வாங்கிக்கொண்டு போகலாமென்று மில்லில் நுழைந்தாள்.

மில்லில் நாலைந்து பேர் அவரவர் டின் மேலும் சாக்கு மேலும் உட்கார்ந்திருந்தார்கள். கோதுமை மூட்டை மேல் சாய்ந்திருந்தவர் அருமைநாயகம். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் திறந்து விடுகிறவர் அவர். ஆகையால் அவர் கதை விட ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகிற தைரியம் யாருக்கும் கிடையாது. ஒரு தடவை நடுக்கதையில் ஒருவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். அவன் தெருவே அந்த வாரம் குடத்தோடு அலைந்தது.

"என்ன மாரி, கிளிக்குக் கால் ஒடிஞ்சுட்டா?" அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? எங்க தாசில்தாருக்கு இதைவிட மோசமா ஒடிஞ்சுது. நான்தான் கட்டுப் போட்டு நடக்க வச்சேன்."

"தாசில்தாருக்கா?" என்றாள் செல்வக்கனி. மிளகாய் வற்றல் டின்னோடு முதல் ஆளாக வந்தவள். மிளகாயை எல்லோருக்கும் கடைசியாகத்தான் அரைப்பார்கள் என்பதால், மில்லில் நடக்கும் எல்லாப் பேச்சையும் முழுசாகக் கேட்கிறவளும் அவள்தான்.

"எங்க கிளி பேரு தாசில்தார். யாரு போய்க் கூப்பிட்டாலும் 'நாளைக்கு வா, நாளைக்கு வா'ன்னுதான் சொல்லும். அதான் அந்தப் பேரு. ஒரு நாள் வீட்டுக்குள்ள பூனை வந்துட்டு. தாசில்தார் விட்டுச்சு பாரு ஒரு உதை! பூனைக்கு ஒண்ணும் ஆகல. அது அடுத்த தாலுகாவுல போய்ப் பத்திரமா விழுந்துட்டு. உதைச்ச கால்தான் ஒடிஞ்சு போச்சு."

ஞானதுரை மில் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டே, "பூனை பத்திரமா விழுந்துதுன்னு உமக்கு யாருவே சொன்னா?" என்றார்.

"பஸ் ஏறித் திரும்பி வந்துச்சுல்லா."

சந்தனமாரிக்குப் பூனையைப் பற்றி அக்கறையில்லை. "கட்டு எப்படிப் போட்டீய அண்ணாச்சி? அதை மட்டும் சொல்லுங்க."

"அது என்ன பெரிய வித்தை? ரெண்டு தீக்குச்சி. நுனி மருந்தை ஒடிச்சு எறிஞ்சுரணும். உளுந்த மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைச்சு, பழைய வேட்டித் துணியில தடவி, காலை மெல்ல நேராக்கி, குச்சிய வச்சுச் சுத்திர வேண்டியதுதான். காயக் காயக் கல்லு மாதிரி ஆயிரும்."

அவர் சொன்னதிலேயே சந்தனமாரியின் காதில் ஏறியது இது ஒன்றுதான். கூடையைச் செல்வக்கனியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து எதிர்க் கடைக்குப் போனாள்.

"கட்டு பெரிசில்ல, பத்தியம்தான் பெரிசு" என்று அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புளி கூடாது, மிளகாய் கூடாது. மிளகாய் இல்லாம கிளிக்கு எப்படிச் சோறு இறங்கும்? உடம்பு இளைச்சுப் போச்சு. எலும்பு ஒண்ணு சேர ஆட்டுக்கால் சூப்புதான் நல்லதுன்னு தினமும் வச்சுக் குடுத்தேன்."

"ஓய், கிளி சூப்பு குடிக்குமா?" என்றார் ஞானதுரை.

"முதல்ல குடிக்கல. மிளகுத்தூள் பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டு. அப்புறம் ருசி கண்டுட்டு. குடிச்சுக் குடிச்சு என்ன ஆச்சுன்னா, ஒரு நாள் காலையில வாயைத் திறந்து 'மே'ங்குது. அசல் ஆட்டுக் குரல்! ஊர்ல மேயப் போன ஆடெல்லாம் எங்க வாசலுக்கு வந்துட்டு. மேய்க்கிறவன் ஓடி வந்து, 'அண்ணாச்சி, உங்க கிளியக் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க, என் பொழப்பே போகுது'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்."

சிரிப்பு அடங்குவதற்குள் சந்தனமாரி முட்டையோடு திரும்பி வந்திருந்தாள். தன் மாவு டின்னின் மூடியைக் கவிழ்த்து அதில் உளுந்த மாவைக் கொட்டினாள். அதைப் பார்த்ததும் அருமைநாயகத்தின் குரல் ஒரு நொடி இடறியது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"சீக்குன்னு தெரிஞ்சா சொந்தக்காரன் வராம இருப்பானா? குத்தாலம், பாபநாசம், எங்கெங்க இருந்தோ கிளிக கூட்டம் கூட்டமா வந்துட்டு. ஆளுக்கொரு கொய்யாப்பழம். வெறுங்கையோட ஒண்ணுகூட வரல. கூரை ஓடு தெரியல, ஒரே பச்சை. எங்க வீட்டை வாழைத்தோப்புன்னு நெனச்சு ஒரு வியாபாரி தார் விலை பேச வந்துட்டான்!"

"அவன் என்ன விலை கேட்டான்?" என்றார் ஞானதுரை.

"அதை விடும்வே. வந்ததுக பழத்தைக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? கட்டிலைச் சுத்தி உக்காந்துக்கிட்டு, 'எங்க பெரியப்பாவுக்கும் இதே மாதிரிதான் ஒடிஞ்சுது. பாவம், கடைசியில றெக்கையையே எடுக்க வேண்டியதாப் போச்சு'ன்னு ஆரம்பிச்சுட்டுக. கேட்டுக் கேட்டே தாசில்தாருக்குக் குளிர்காய்ச்சல் வந்துட்டு."

"இது மட்டும் நம்பலாம்" என்றாள் செல்வக்கனி. "போன வருசம் நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

சந்தனமாரி ஞானதுரையின் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி, குச்சிகளை உடைத்தாள். அருமைநாயகத்தின் கண் அந்தக் குச்சிகளை விட்டு நகரவில்லை. நெற்றி வேர்த்துவிட்டது. கரண்ட் வருமா என்று விளக்கை அண்ணாந்து பார்த்தார். வருவதாக இல்லை. கதையை இன்னும் இழுக்க வேண்டியதாயிற்று.

"குணமானதும் தாசில்தார் என்ன பண்ணுச்சு தெரியுமா? நம்ம வித்தையைக் கவனிச்சு வச்சிருந்து, ஆலமரத்துல தனியா வைத்தியம் பாக்க உக்காந்துட்டு! மயில் வந்துச்சு, ஆந்தை வந்துச்சு. கொக்கு வந்தா மட்டும் ரொம்பக் கஷ்டம். அது ஒரு காலைத் தூக்கிக்கிட்டே நிக்குமா, ஒடிஞ்சது அந்தக் காலா இந்தக் காலான்னு கேட்டுக் கேட்டுத்தான் கட்டணும்."

"அவ்வளவு பெரிய வைத்தியர் இப்ப எங்கவே? கூப்பிடும், மாரி கிளியக் காட்டட்டும்" என்றார் ஞானதுரை.

"அங்கதான் சிக்கல். மரவட்டை ஒண்ணு மரத்துல இருந்து விழுந்துட்டு. எல்லாக் காலும் ஒடிஞ்சு போச்சு. பாவமேன்னு தாசில்தார் கட்டுப் போட ஆரம்பிச்சுது. இன்னும் போட்டுக்கிட்டே இருக்கு, வீட்டுக்கு வரல."

மில்லே சிரித்தது. சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை. கூடைத் துண்டில் கிழித்து மாவு தடவிய துணியைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் தயார் அண்ணாச்சி. கட்டுங்க" என்றாள்.

"செவ்வாக்கிழமை எலும்பைத் தொடக்கூடாதும்மா."

"இன்னைக்குப் புதன்வே" என்றார் ஞானதுரை.

அருமைநாயகம் அவள் காதருகில் குனிந்து, "மாரி, நான் கோழிக்குக் கட்டுததைத்தான் பாத்துருக்கேன். அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு" என்றார்.

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த ஆளை நம்பி இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமே என்று தன் மேலேயே கோபம். ஆனால் கிளியின் கால் தொங்கியபடிதான் இருந்தது, நாளை வரை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை.

"பாத்தவருக்குப் பிடிக்கத் தெரியும்லா? பிடிங்க, நான் கட்டுதேன்" என்று சொக்கியை அவர் கையில் வைத்தாள்.

அடிபட்டதிலிருந்து கண் திறக்காத கிளி கண்ணைத் திறந்தது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பார்த்தது. லபக்கென்று கவ்வியது.

அவர் போட்ட அலறலில், கரண்ட் வந்து மில் ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெருவில் இரண்டு பெண்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கிளியோ பிடித்த பிடியை விடவில்லை. முழுக் கவனமும் விரலில் இருந்ததால் உடம்பு அசையவில்லை, கால் சும்மா நீண்டு கிடந்தது.

"ஆடாதீங்க அண்ணாச்சி! இப்படியே இருங்க!" சந்தனமாரி காலை நேராக்கினாள், குச்சியை வைத்தாள், துணியைச் சுற்றினாள்.

"ஐயோ, இறுக்காத! இறுக்காத!"

"நானா, கிளியா?"

"ரெண்டு பேரும்தான்! கால் நகம் வெளியில தெரியணும், ரத்தம் ஓடணும். யம்மா, என் விரலு!"

கட்டி முடித்துக் கூடையில் விட்ட பிறகுதான் சொக்கி வாயைத் திறந்தது. சந்தனமாரியை ஏற இறங்கப் பார்த்து, "போடி" என்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

மிச்சமிருந்த துணியை அருமைநாயகத்தின் விரலில் சுற்றிவிட்டாள் செல்வக்கனி. கரண்ட் வந்தது. ஞானதுரை சுவிட்சில் கை வைத்தும் போடாமல் நின்றார், ஏனென்றால் அருமைநாயகம் கட்டுப்போட்ட விரலை உயர்த்திவிட்டார்.

"பாத்தீங்களா? பெரிய ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போடுவான். நான் விரலைக் குடுத்தேன். கிளி அசைஞ்சுதா? இந்த ஜில்லாவுல இந்த வித்தை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்!"

சந்தனமாரி மாவு டின்னை இடுப்பிலும் கூடையைக் கையிலும் எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"நாளைக்கு டாக்டர் வந்து கட்டைப் பிரிச்சுப் பாப்பாரு அண்ணாச்சி. நீங்களும் வந்துருங்க. இன்னும் ஒம்பது விரல் இருக்குல்லா?"