தாத்தாவின் அச்சு

சியான்பே குலத்துத் தளபதி பொலுவோவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே யாரைப் பார்த்தாலும் எரிச்சல். வடசீனத்தில் அவன் தாத்தா நிறுவிய அரசு எப்போதோ கவிழ்ந்துவிட்டது. அரைத்தலை நரைக்கும் வரை போரிட்டு அதை மீட்டவன் இவன். தலைநகரம் கைக்கு வந்துவிட்டது. அரியணையில்தான் உட்கார முடியவில்லை.

குல வழக்கம் அப்படி. அரசனாகப் போகிறவன் தன் கையாலேயே வெண்கலம் உருக்கி ஓர் ஆள் உருவம் வார்க்க வேண்டும். அது முழுசாக வந்தால் வானம் சம்மதித்ததாக அர்த்தம். வராவிட்டால் குலத்தலைவர்கள் தங்கள் குதிரைப்படையோடு கிளம்பிவிடுவார்கள்.

முதல் தடவை உருவத்துக்குக் கை வரவில்லை. அடுத்த தடவை தலையே வரவில்லை. இரண்டு முறையும் வெண்கலம் ஊற்றிய மண் அச்சை, அதற்கு வலிக்குமோ என்பதுபோல மெல்லப் பிரித்து, களிமண் பூசி மறுபடி ஒட்டினான். மிச்சமிருந்த வெண்கலம் இன்னும் ஒரு முறைக்குத்தான் காணும். வெளியே தலைவர்கள் குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் குரு, கிழப் பிக்கு தாவ்ஷூ, உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த தினையைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தார். அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னதான் குறை குருவே? தாத்தா அரசரானபோது உருவம் வார்த்த அதே அச்சு. பகைவர்கள் உடைத்துப்போட்ட சில்லுகளைப் பொறுக்கி, ஊர் ஊராக ஓடின காலமெல்லாம் காப்பாற்றி வைத்திருந்தோம்."

"ஒழுகுகிறது."

"அது தெரிகிறது! எனக்கென்ன கண் இல்லையா?"

"புதிதாக ஒன்று செய்யேன்."

பொலுவோவுக்குக் கோபம் தலைக்கேறியது. "புதிதாகவா? நான் மீட்பது பழைய அரசை. அதே பட்டங்கள், அதே ஆசனங்கள். பகைவன் புகுந்த வடக்கு வாசலைக்கூட அதே இடத்தில், அதே அகலத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன்!"

"பாவம், அவன் வழி தேடி அலையக் கூடாது என்றா?"

"கிண்டலுக்கு இதுவா நேரம்? இந்தத் தலைவர்கள் போய்விட்டால் காவலுக்கு ஆளில்லை. என்னை நம்பி ஊர் திரும்பிய ஜனங்கள் மறுபடி வெட்டுப்படுவார்கள். ஏதாவது செய்யுங்கள்!"

தாவ்ஷூ எழுந்தார். கைத்தடியை ஓங்கி அச்சின் மேல் ஒரே போடு போட்டார். அது பொலபொலவென்று உதிர்ந்தது.

பொலுவோவின் கை வாளுக்குப் போய்விட்டது. "என்ன காரியம் செய்தீர்கள்! பகைவன் செய்ததையே நீங்களும் செய்தீர்களே!"

"பகைவன் இதைத் தொட்டதே இல்லை," என்றார் தாவ்ஷூ. "உடைத்தவர் உன் தாத்தா. அன்று துருத்தி ஊதியவன் நான். உடைக்காமல் உள்ளே இருந்த உருவத்தை அவர் எப்படி வெளியே எடுத்திருப்பார்?"