துப்பாக்கிக்குச் சந்தனம்

"அம்மா, கோபத்தை இறக்கி வைப்பதற்கு வழி ஏதேனும் உண்டா?"

கயிலாசம் இப்படிக் கேட்டபோது அமிர்தவல்லி அம்மை சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆயுத பூசை.

"எதற்காக இறக்கி வைக்க வேண்டும்?"

"களைத்துவிட்டேன்."

அம்மை தலை நிமிரவில்லை. "கல்லில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்," என்றார்.

கயிலாசம் விட்டார். அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அம்மைக்கு அவருடைய மகள் வயது. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றபின், உறவினர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல், ஆற்றங்கரை மடத்துக்கு வந்து அம்மையிடம் சீடராகச் சேர்ந்தவர். குரு சீடரை 'நீங்கள்' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஆற்றுக்கு இக்கரை ஓர் அரசு. அக்கரை வேறோர் அரசு. பிழைப்புத் தேடி அக்கரையிலிருந்து வருவோரிடம் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். அதைச் சோதிப்பதற்கென்று குடிவரவுக் காவலர் படை ஒன்று இருந்தது. அவர்கள் முகத்தைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு துப்பாக்கியோடு தெருக்களில் திரிந்தார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, அக்கரையைச் சேர்ந்த கொத்தனார் மாசிலானைச் சந்தை முனையில் நிறுத்தினார்கள். அவர் சுடப்பட்டு இறந்தார். சீட்டு காலாவதியாகியிருந்தது என்றும், இரும்பு ஆயுதத்தை ஓங்கிக்கொண்டு காவலரைத் தாக்க வந்தார் என்றும் அறிவிப்பு வெளியாயிற்று. சுட்டவர் பெயர் அதில் இல்லை.

ஊர் கொதித்தது. கடைகளை அடைத்தார்கள். காவல் நிலையத்தின் முன்னே நின்று தொண்டை கட்டும் வரை முழங்கினார்கள். மனுக்களை எழுதியவர் கயிலாசம். ஆட்சியருக்கு எழுதினார், விசாரணைக் குழுவுக்கு எழுதினார், விசாரணைக் குழு ஏன் கூடவில்லை என்று மறுபடி ஆட்சியருக்கு எழுதினார். முதல் ஊர்வலத்தைத் தெரு கொள்ளவில்லை. பிறகு வந்த ஊர்வலங்களில் நடுத்தெருவில் மாட்டு வண்டி தாராளமாகப் போய் வந்தது.

மாசிலானின் மனைவி பவளக்கொடி மட்டும் நாள் தவறாமல் காவல் நிலைய வாசலுக்குப் போய் வந்தாள். முழக்கம் எதுவும் இல்லை. ஒரே கேள்விதான்.

"என் வீட்டுக்காரர் கை ஓங்கினாரா? சுட்டவர் வந்து சொல்லட்டும்."

வாசலில் நிற்பவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "விசாரணை நடக்குதும்மா."

கயிலாசம் கிண்ணத்தை நீட்டினார். அம்மை சந்தனத்தை வழித்து அதில் இட்டார்.

"நாளை அந்தக் காவலர்களும் வருவார்கள்," என்றார் கயிலாசம்.

"ஆண்டுதோறும் வருகிறார்களே."

"இந்த ஆண்டு கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஊர் அதைத்தான் எதிர்பார்க்கிறது."

"சாத்தினால்?"

"அவர்களுக்கு அவமானம்."

"பிறகு?"

கயிலாசம் கல்லில் மறுபடி தண்ணீர் விட்டார். அம்மை கட்டையைத் திருப்பிப் பிடித்து மீண்டும் இழைக்கத் தொடங்கினார்.

அந்த மடத்து ஆயுத பூசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கருவியை வைப்பவர், அந்த ஆண்டில் அது செய்ததைத் தம் வாயால் சொல்ல வேண்டும். நல்லதையும் சொல்ல வேண்டும். கெட்டதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகே சந்தனப் பொட்டு. பொட்டில்லாத கருவியை எடுத்து அந்த வட்டாரத்தில் எவரும் தொழில் தொடங்க மாட்டார்கள். காவலர்களும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே. கூடத்துக்குள் முகத்துணிக்கும் இடமில்லை.

மறுநாள் காலை கூடம் நிறைந்தது. முதலில் நாவிதர் அழகிரி கத்தியை வைத்தார்.

"இந்தக் கத்தி இந்த வருஷம் ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைங்களை எல்லாம் பார்க்கிற மாதிரி ஆக்கிச்சு, தாயே. ஒருத்தருக்குக் காதோரம் ரத்தம் வந்திருச்சு. தூங்கி விழுந்தது அவரு. பழி மட்டும் என் மேல."

"கத்தி யார் கையில் இருந்தது?" என்றார் அம்மை.

"என் கையிலதான்."

"அதைச் சொல்லுங்கள்."

"என் கையிலதான் இருந்துச்சு, தாயே. நான்தான் வெட்டிட்டேன்."

கூடம் சிரித்தது. அழகிரியும் சிரித்தார். பொட்டு விழுந்தது. ஏர், தறி நாடா, துடுப்பு, தையல் கத்தரி என ஒவ்வொன்றாக வரிசை நீண்டது.

ஜீப் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. வெளியே கூட்டம் காத்திருந்தது. மெலிந்துபோன ஊர்வலம் அன்று மறுபடி பெருத்திருந்தது. பலர் மடியில் கல் இருந்தது.

"கொலைகாரனுக்குச் சந்தனமா? மடமா இது, இல்ல அவனுங்க கொட்டாயா?" என்று ஒருவன் கத்தினான்.

அதிகாரி தணிகாசலம் தம் காவலர்களோடு உள்ளே வந்தார். முகத்துணிகளை அவிழ்த்தார்கள். துணிக்கடியில் இருந்தவை தெரிந்த முகங்களாக இருந்ததே கயிலாசத்துக்கு எரிச்சலாயிருந்தது. ஒருவனுக்கு அவரே பள்ளிச் சான்றிதழில் ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவர்களுக்குப் பின்னாலேயே பவளக்கொடி வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு கொத்துக் கரண்டியை எடுத்துத் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது ஏதம்மா?" என்றார் கயிலாசம்.

"ஸ்டேஷன்ல குடுத்தாங்க. சட்டை, செருப்பு, இது. அவர் ஓங்கின ஆயுதம் இதுதானாம்."

வழக்கின் ஒரே சான்றுப்பொருள். அதைச் செருப்போடு சுருட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு நீதிமன்றத்தில் இருந்த கயிலாசத்துக்கு, இது வழக்காகவே போகாது என்று அவர்கள் எவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தார்கள் என்பது புரிந்தது. கோபம் வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது.

"சொல்லுங்கள்," என்றார் அம்மை.

பவளக்கொடி கரண்டியைப் பார்த்தே பேசினாள்.

"இது இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டிச்சு, தாயே. குளத்துப் படியைச் சரி பண்ணிச்சு. ஆனி மாசம் இவங்க நிலையத்து மதிலுக்குப் பூச்சு பூசிச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "கெட்டது என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க இங்க இருக்காங்க. அவங்க சொல்லட்டும்."

அம்மை சந்தனத்தில் தோய்ந்த விரலைக் கரண்டியின் மேல் வைக்கவில்லை. துப்பாக்கிகளின் பக்கம் திரும்பினார்.

"எல்லையைக் காத்தது," என்றார் தணிகாசலம். "எல்லாத் துப்பாக்கிக்கும் அதேதான். பொட்டு வைங்க தாயே, டூட்டிக்கு நேரமாச்சு."

"வைத்தவர் சொல்லட்டும்."

"நான் அதிகாரி. நான் சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரி."

"அழகிரிக்குப் பதிலாக வேறெவரும் சொல்லவில்லை," என்றார் அம்மை.

தணிகாசலம் கையசைத்தார். காவலர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "என்னோடது சுடல, தாயே." "சுடல." "இந்த வருஷம் உறையை விட்டே எடுக்கல, தாயே." அவரவர் துப்பாக்கிக்குப் பொட்டு விழுந்தது.

ஒரே ஒரு துப்பாக்கி மிஞ்சியது. அதன் பின்னால் பரஞ்சோதி என்ற காவலன் நின்றான். கயிலாசம் சான்றிதழில் ஒப்பமிட்டது அவனுக்குத்தான்.

"சொல்லுடா," என்றார் தணிகாசலம். "அதே ரெண்டு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா?"

பரஞ்சோதி குனிந்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடத்தான் குனிந்தான் என்று கயிலாசம் நினைத்தார். துப்பாக்கிக்குப் பக்கத்தில் கரண்டி கிடந்தது. அவன் நீட்டிய கை அப்படியே நின்றது.

"அவர் கை ஓங்கினாரா?" என்று பவளக்கொடி கேட்டாள். காவல் நிலைய வாசலில் கேட்கும் அதே குரல்.

"ஓங்கல."

பரஞ்சோதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"சீட்டு பையில இருக்குன்னாரு. சைக்கிள்ல தொங்குன பையை எடுக்கத் திரும்பினாரு. என்னமோ இரும்பு தெரிஞ்சுது. நான் சுட்டுட்டேன்."

"கரண்டி?" என்றாள் பவளக்கொடி.

"பையிலதாங்க இருந்துச்சு. கடைசி வரைக்கும் பையிலதான் இருந்துச்சு. அப்புறம் நாங்கதான் வெளியே எடுத்து அவர் கைக்குப் பக்கத்துல…"

"வாயை மூடுடா!"

தணிகாசலத்தின் குரலுக்கு அவன் திரும்பவில்லை. "என் பேரு பரஞ்சோதி," என்றான் அவளிடம். "நான்தான்."

பவளக்கொடி தலையை ஒருமுறை அசைத்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

சொன்னது வாசலுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. வெளியே எழுந்த இரைச்சலில் கூடத்துத் தூண்கள் அதிர்ந்தன. தணிகாசலம் வாசலைப் பார்த்தார், பரஞ்சோதியைப் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், "கிளம்புங்க," என்றார்.

"இவன்?" என்றான் ஒரு காவலன்.

"குடிச்சிருக்கான். இன்னிக்கு டூட்டியில இல்லை. வரும்போது வந்துக்கட்டும்."

துப்பாக்கிகளை உயர்த்திக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்கள். பொட்டில்லாத அந்தத் துப்பாக்கியை ஒருவரும் தொடவில்லை. ஜீப் புறப்பட்டது. அது ஏன் ஓர் இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு போகிறது என்பதைக் கயிலாசம் நன்றாகவே அறிந்துகொண்டார். இன்று இந்த வாசலில் ஒரு காவலன் கல்லடிபட்டுச் செத்தால், இங்கே பேசப்பட்டது அவனோடு போய்விடும். நாளைய அறிவிப்பில் ஊர்தான் கொலைகார ஊர்.

அம்மை கரண்டிக்குப் பொட்டு வைத்தார். துப்பாக்கிக்கு வைக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மாவட்ட நீதிபதியின் வீடு உங்களுக்குத் தெரியுமல்லவா?"

"தெரியும்," என்றார் கயிலாசம்.

"இங்கே சொன்னதைப் பரஞ்சோதி நீதிபதியின் முன்னால் சொல்ல வேண்டும். துப்பாக்கியும் கரண்டியும் கூட வரட்டும். அழைத்துப் போங்கள்."

"அவர் ஏற்பார் என்பது நிச்சயமில்லை, அம்மா. திருப்பி அனுப்புவார். தேதி போடுவார். மறுபடி வரச் சொல்வார்."

"மறுபடி அழைத்துப் போங்கள்."

பவளக்கொடி கரண்டியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். எவரிடமும் எதுவும் கேட்காமல் போய் வாசற்படியில், கூட்டத்தைப் பார்த்து நின்றாள். முன்வரிசையில் ஓங்கியிருந்த ஒரு கை மெல்ல இறங்கியது. பின்வரிசைகளில் இறங்கவில்லை.

பரஞ்சோதி தூணோரம் நின்றுகொண்டிருந்தான். கயிலாசம் அவனைப் பார்த்தார். இரக்கம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தார். வரவில்லை.

"வேறு யாரையாவது அனுப்புங்கள், அம்மா," என்றார். "இவன் உண்மையைச் சொன்னான் என்பதற்காக என் மனம் இளகவில்லை. கொன்றவன், கொன்றபின் கரண்டியை எடுத்து வெளியே வைத்தவன். இவனுக்குப் பக்கத்தில் நடக்கவே எனக்கு உடம்பு கூசுகிறது. என் கோபம் இம்மியும் அடங்கவில்லை."

அம்மை துப்பாக்கியை ஒரு பழைய துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"அடங்க வேண்டாம், கயிலாசம். அடங்கியவர் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவார். நீதிபதியின் வீடு தூரம்."