கம்பளத்தில் நின்ற யானை

செண்பகநல்லூர் ராஜா வீரபூபதிக்குச் சதுரங்கம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் அவர் தோற்றுவிட்டால், அன்று அரண்மனையில் யாருக்குமே சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரை அவைப் புலவர் குழைக்காதர் தொடர்ந்து மூன்று நாள் தோற்கடித்துவிட்டார். அதுவும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பலகையை ஒரு தடவைகூடப் பார்க்காமல்.

"எப்படி ஐயா இது?" என்று கேட்டார் ராஜா.

"மனசுக்குள்ளே ஒரு பலகை விரித்து வைத்திருக்கிறேன், மகாராஜா. காய்களைத் தனித்தனியாக ஞாபகம் வைப்பதில்லை. எது எதை மிரட்டுகிறது, எது எதைக் காக்கிறது என்று யோசித்தால் போதும். பலகை தானாகக் கண்ணுக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்ற தளவாய் ஆண்டியப்பருக்குப் புலவரைக் கண்டாலே ஆகாது. தளவாய் ஒருநாளும் சதுரங்கம் ஆடியதில்லை. ராஜாவின் தோளுக்குப் பின்னால் நின்று, அதை நகர்த்துங்கள், இதைத் தொடாதீர்கள் என்று ஓயாமல் யோசனை சொல்வதோடு சரி. போர்க்களத்திலும் அப்படித்தான் என்று சிப்பாய்கள் பேசிக்கொள்வார்கள்.

"சுத்தப் புளுகு, மகாராஜா. யாரோ இருமி இருமி இவருக்குச் சேதி சொல்கிறார்கள். பலகை இருப்பது நிஜமானால் இங்கே இன்னொருவர் கண்ணுக்காவது அது தெரியட்டும். தெரியாவிட்டால், பொய் சொன்ன குற்றத்துக்கு இவர் ஊரைவிட்டுப் போகட்டும்" என்றார் தளவாய்.

மூன்று தோல்வியின் எரிச்சலில் இருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இந்த ஊரை விட்டால் குழைக்காதருக்கு வேறு போக்கிடம் கிடையாது. இன்னொருவர் மண்டைக்குள் பலகையை எப்படி விரிப்பது? ராஜாவைப் பார்த்தார். தளவாயைப் பார்த்தார். பேசாமல் இருக்க முடியாமல் தளவாயின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் புலவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"காட்டுகிறேன், மகாராஜா. தாங்கள் என்னோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும்."

சேவகர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார் புலவர். கீழே விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தைக் காட்டி, "இதோ, காய்களை அடுக்கிவிட்டேன். முதல் நகர்த்தல் தங்களுடையது" என்றார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "சரி. நடுச் சிப்பாய் ஒரு கட்டம்."

புலவர் குனிந்து, இல்லாத சிப்பாயை இரண்டு விரலால் தூக்கி, பதமாக முன்னால் வைத்தார். தன் குதிரையையும் அப்படியே எடுத்து வைத்தார். ஐந்தாவது நகர்த்தலில் ராஜா ஆசனத்தின் நுனிக்கு வந்தார். பத்தாவதில் இறங்கி வந்து கம்பளத்தருகே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தளவாயும் வழக்கம்போல் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பதினாறாவது நகர்த்தல். புலவர் பெருமூச்சு விட்டு, "என் மந்திரி இங்கே" என்று கம்பளத்தைத் தொட்டார்.

"மாட்டிக்கொண்டீர். என் குதிரையால் வெட்டுகிறேன்" என்று ராஜா கை நீட்டினார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா" என்று தளவாய் பதறினார். "குதிரை நகர்ந்தால் மூலையிலிருக்கிற யானை நேரே உங்கள் ராஜா மேல் பாயுமே."

"எந்த மூலையில், தளவாயாரே?" என்று சாதுவாகக் கேட்டார் புலவர்.

"உமக்குக் கண் அவிந்தா போயிற்று? இதோ நிற்கிறதே, குத்துக்கல்லாட்டம்." தளவாய் கம்பளத்தில் ஏறிப்போய், குனிந்து, விரலால் காட்டினார்.

சபையே அந்த விரலைப் பார்த்தது. தளவாயும் பார்த்தார். அங்கே வெறும் கம்பளம்தான் இருந்தது.

"இன்னொருவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, மகாராஜா. நான் ஊரிலேயே இருக்கலாம் அல்லவா?" என்றார் புலவர்.

"தாராளமாக இரும்" என்றார் ராஜா, கம்பளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

தளவாய்க்கு முகம் வெளிறிவிட்டது. "மகாராஜா, அது வந்து... நான் எதையும் பார்க்கவில்லை. சத்தியமாக இங்கே ஒன்றுமே..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் காலை எடும் ஐயா. என் குதிரையை மிதித்துக்கொண்டு நிற்கிறீர்."