தப்பாத கணிப்பு

ஒரு காட்டில் சில விலங்குகளுக்குக் கூடைப்பந்து ஆடுவதே பிழைப்பு. கோடைப் பந்தயத்தில் எந்த அணி ஜெயிக்கிறதோ, நாவல் தோப்பின் பழமெல்லாம் அதற்குத்தான்.

இரண்டு கோடையாகத் தோற்றுத் தோற்று, நரியின் அணியில் எல்லாருக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது. நரி பந்தைத் தொடாது. எதிர் அணி எங்கே நன்றாகத் தடுக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று எடைபோட்டுச் சொல்வதே அதன் வேலை. இந்த முறை பத்து நாள் புதருக்குள் படுத்து, கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு வேவு பார்த்தது. மகா கெட்டிக்கார நரிதான், குழந்தைகளே! ஆனால், தான் சொன்னதை யாராவது தப்பு என்றால் அதற்குத் தாங்காது.

ஆட்டத்தன்று நரி தன் அணியைக் கூப்பிட்டது.

"ஒட்டகச்சிவிங்கி தலைக்கு மேலே ஓர் ஈயைக்கூட விடாது. காலுக்கு நடுவே பந்தை உருட்டுங்கள், அது குனிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். யானை எதிரே நின்றால் மலை. இடப்பக்கம் திரும்பத்தான் நேரமாகும். முள்ளம்பன்றியை யாராலும் நெருங்க முடியாது. அதன் கூட்டாளிகளாலும்தான்! அதனால் அதன் பக்கத்து இடம் எப்போதும் காலி."

குரங்கு பந்தை உருட்டியது. முயல் காலி இடத்தில் எல்லாம் புகுந்து புறப்பட்டது. பாதி ஆட்டத்தில் இருபதுக்கு நான்கு!

இடைவேளையில் எதிர் அணித் தலைவரான ஆமை மெல்ல நகர்ந்து வந்தது.

"உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம், நரியாரே."

"என்னது, அதிர்ஷ்டமா?"

"பின்னே? எங்கள் தடுப்பில் குறையே கிடையாது. ஒட்டகச்சிவிங்கியைத் தாண்டிப் பந்து போகுமா?"

"மேலே போகாது. காலுக்கு நடுவே போகும்!"

குரங்கு நரியின் வாலைப் பிடித்து இழுத்தது. "வாயை மூடுங்கள், நரியாரே!"

நரி வாலை உதறியது.

"சரி, யானைக்கு என்ன குறைச்சல்?" என்றது ஆமை.

"இடப்பக்கம்! திரும்பவே தெரியாது."

"முள்ளம்பன்றியைப் பற்றி நீர் நினைப்பது மட்டும் சுத்தத் தப்பு."

நரிக்கு ரத்தம் கொதித்தது. ஒரு குச்சியை எடுத்துத் தரையில் படமே போட்டுக் காட்டிவிட்டது.

"அட, ஆமாம்!" என்று ஆமை நடையைக் கட்டியது. வந்ததைவிட வேகமாகவே போனது.

மறுபாதியில் ஒட்டகச்சிவிங்கியின் கால்களுக்கு நடுவே ஆமை உட்கார்ந்துகொண்டது. யானையின் இடப்பக்கத்தில் முள்ளம்பன்றி ஒட்டி நின்றது. யானைத் தோலுக்கு முள்ளாவது, உறைப்பதாவது! முயல் வழி தேடித் தேடி மூச்சு வாங்கியது. நரியின் அணிக்கு அதன்பிறகு ஒரு புள்ளிகூட வரவில்லை. இருபத்திரண்டுக்கு இருபது என்று தோற்றுப்போனது.

எதிர் அணி நாவல் தோப்புக்குள் நுழைவதை எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நரி மட்டும் நெஞ்சை நிமிர்த்தியது.

"பார்த்தீர்களா? நான் சொன்ன குறைகளை ஒன்று விடாமல் சரிசெய்துவிட்டார்கள். அப்படியென்றால் என் கணிப்பு சரிதானே?"

"ரொம்பச் சரி, நரியாரே," என்றது குரங்கு. "ராத்திரிக்கு அதையே சாப்பிடுங்கள்."

நீதி: தன் கெட்டிக்காரத்தனத்தை எதிரியிடம் நிரூபிக்கப் போனவனுக்கு, அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் பயனில்லை.