அல்லிக்கு மூன்று வேஷம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் காலையில் ஆசை வந்தால், மத்தியானத்துக்குள் ஊரே ஓட வேண்டும். துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல் வந்து நின்ற அன்று, "அந்த மொழி நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்" என்றார். புதிய ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களைப் பழக்குவது, துறைமுகத்தில் திரிந்து அந்த மொழியைக் கற்றிருந்த விகடகவி கடம்பன் பொறுப்பு.

கடம்பன் ராஜாவோடு யானைக் கொட்டிலில் புரண்டு வளர்ந்தவன். ராஜா இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. கடம்பனுக்கு மட்டும் கொட்டில் வாசனை இன்னும் மூக்கில் இருந்தது.

தலைமைப் புலவர் குணபத்திரருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, இவன் சொற்களைக் கொத்துக்கறி போடுகிறான். 'கைண்ட்' என்றால் அன்பானவனாம். முன்னால் 'அன்' ஒட்டினால் 'அன்கைண்ட்', அன்பில்லாதவன். பின்னால் 'னஸ்' ஒட்டினால் 'கைண்ட்னஸ்', அந்தக் குணத்தின் பெயர். அபத்தம்! ஒவ்வொன்றும் தனிச்சொல். தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்."

"கடம்பா, நாளைக் காலை உன் முறையை நிரூபி. இல்லையேல் நாட்டை விட்டுப் போ" என்றார் ராஜா.

கடம்பனுக்குப் போக வேறு ஊர் இல்லை. கொட்டிலுக்குப் போனான்.

மறுநாள் ராஜா உப்பரிகையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியையும் காதுகளையும் மூடிய முகபடாமோடு ஒரு யானை வந்து போனது. அடுத்து அம்பாரி சுமந்த யானை, அதன் பட்டு காதுகளை மறைத்துத் தொங்க. அப்புறம் இரண்டும் பூண்ட யானை.

"எத்தனை யானை, மன்னா?" என்றான் கடம்பன்.

"மூன்று."

"இதுகூடத் தெரியாதா?" என்றார் குணபத்திரர். "மூன்றையும் வரிசையாக நிறுத்தய்யா!"

"முடியாது புலவரே. இருப்பது ஒன்றுதான்."

கடம்பன் முகபடாமைக் கழற்றினான். பாகன் அம்பாரியை இறக்கினான். இடது காது கிழிந்த கிழட்டு யானை நின்றது.

ராஜா படியிறங்கி வந்தார். "அல்லியா?"

"அல்லியேதான். தாங்கள் இதன் வாலில் தொங்குவீர்கள், அடி எனக்கு விழும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று ஏற்றியதும் தங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. சொல்லும் அப்படித்தான், மன்னா. ஒட்டியதைக் கழற்றினால் உள்ளே இருப்பது தெரியும்."

அல்லி துதிக்கையை நீட்டியது. ராஜாவின் கிரீடத்தைத் தூக்கித் தரையில் வைத்தது. பிறகுதான் அவர் தலையை மோந்து பார்த்தது.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கடம்பன் கழுத்தில் போட்டார். "ஆசிரியர்கள் உன் முறையிலேயே கற்கட்டும். குணபத்திரரே, நாளை முதல் அல்லியைக் குளிப்பாட்டுவது நீர்."

"மன்னா, நான் புலவன்..."

"அதையும் கழற்றி வைத்துவிட்டு வாரும்."