நாற்பதில் ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை

முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற தொபியாஸ், தக்கலைக்குப் பக்கத்தில் நாற்பது தாய்ப்பன்றிகளோடு ஒரு பண்ணை தொடங்கினார். அவர் குருவாக ஏற்றுக்கொண்டது கால்நடை மருத்துவர் ஜெஸ்லினை. தொபியாஸின் மகளைவிட இரண்டு வயது இளையவர்.

முதல் நாளே கேட்டார்.

"டாக்டரம்மா, பண்ணைக்குள்ள நோய் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஒவ்வொரு ஈத்துலயும் என்னென்ன வெளிய வருதோ, அத்தனையும் எழுதுங்க."

"நான் நோயைப் பத்தில்லா கேட்டேன்?"

"நானும் அதைத்தான் சொன்னேன்."

தொபியாஸ் எழுதினார். உயிரோடு பிறந்தவற்றை மட்டும். செத்ததை எழுத மனசு வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜெஸ்லின் வந்து நோட்டைப் புரட்டினார். பதினொன்று, பத்து, பன்னிரண்டு. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. ஐந்து. நான்கு.

"இது என்ன?"

"இளசுங்களோட முதல் ஈத்து, டாக்டரம்மா. அப்படித்தான் இருக்கும்."

"மிச்சம் எங்க?"

தொபியாஸ் தலைகுனிந்தார். "அதெல்லாம் உள்ளேயே காஞ்சு போனது. காலையில ஒரு தாய் ஈனுச்சு. அதுல செத்ததைப் புதைக்கணும்னு வாளியில போட்டு வச்சிருக்கேன்."

ஜெஸ்லின் கையுறை மாட்டிக்கொண்டார். வாளியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். கறுத்துச் சுருங்கிய ஆறு குட்டிகள். ஒன்று விரல் நீளம். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. கடைசியில் இருந்தது ஒரு சாண்.

தொபியாஸ் உற்றுப் பார்த்தார். ஒவ்வொன்றின் நீளமும் வேறு.

"இதுங்க ஒரே நாள்ல சாகல!"

"ம்."

"ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணுக்குப் பரவியிருக்கு! வயித்துக்குள்ளேயே!"

"ம்."

"ஆனா தாய் தீவனத்தை வழிச்சுத் தின்னுதே! நாற்பதுல ஒண்ணுக்கும் காய்ச்சல் இல்ல, ஒரு தும்மல்கூட இல்ல. அப்போ நோய் எங்கதான் இருந்துச்சு?"

"நீங்க எழுதாத இடத்துல."

ஜெஸ்லின் கையுறையைக் கழற்றினார்.

"அடுத்து இணை சேர்க்கப் போறது எத்தனை?"

"ஒன்பது இளசு. இன்னைக்கு..."

சொல்லி முடிக்கவில்லை, ஓடத் தொடங்கினார். கடைசிக் கொட்டிலில் வேலையாள் ஞானமுத்து முதல் பன்றியை ஆண்பன்றியிடம் ஓட்டிக்கொண்டிருந்தார். கதவில் கை வைத்துவிட்டார்.

"திறக்காத வேய்! திறக்காத!"

அறுபது வயது தொபியாஸ் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதித்துக் கதவோடு சாய்ந்து நின்றார். மூச்சு இரைத்தது.

அன்றே காய்ந்த குட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குத் தானே பைக்கில் போனார். நான்காம் நாள் முடிவு வந்தது. தாயைத் தொடாமல் கருவை மட்டும் கொல்லும் வைரஸ். ஒன்பதுக்கும் மூன்று வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசி போட்டார்கள். அதன் பிறகே இணை சேர்த்தார்கள்.

ஏற்கெனவே சினையாக இருந்தவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னும் இரண்டு ஈத்துகள் போயின. காய்ந்த குட்டிகளையும் இந்த முறை அவர் எழுதினார். நீளத்தை அளந்து எழுதினார்.

பிறகு ஒரு சினைக்காலம் கடந்தது: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்.

நடுப்பகலில் ஜெஸ்லினுடைய போன் அடித்தது. தொபியாஸ் கொட்டில் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஒன்பது குட்டி, டாக்டரம்மா! ஊசி போட்டதுல முதலாவதா ஈனுறது இது! ஒன்பதும் உயிரோட!"

"சரி."

"இருங்க, இருங்க... பத்து! எழும்பி ஓடுது, பாத்துக்கிடுங்க! பதினொண்ணு!" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "காஞ்சது ஒண்ணுகூட இல்ல. நாம ஜெயிச்சாச்சு! இனி இந்த நோய் நம்ம பண்ணைப் பக்கம் வராதுல்லா? சொல்லுங்க, வராதுதானே?"

"இப்ப நீங்க எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறீங்க?"

"இப்பத்தான் வாசல் பக்கம் திரும்பினேன். உள்ள சிக்னல் சரியா எடுக்கல."

"தாய் இன்னும் ஈனி முடிக்கல," என்றார் ஜெஸ்லின். "திரும்புங்க. வர்றது எல்லாத்தையும் எழுதுங்க."